தோட்டத்து வீடும் படித்த பிள்ளையும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலையும் காட்டையும் கங்காணியையும் விரிவாக எழுதியுள்ளனர். கூலி உயர்வு வேண்டி நிகழ்ந்த வேலைநிறுத்தங்களும் தொழிற்சங்கங்களின் தோற்றமும் ஏடுகளில் இடம்பெற்றுள்ளன. ஆயின், படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் லயத்து வீட்டில் தங்கியிருந்த பிள்ளையும், அப்பிள்ளைக்குச் சோறிட்டுக் காத்த பெற்றோரும் வரலாற்றில் அத்துணை இடம் பெற்றாரல்லர். ஊர்வலமும் கூட்டமும் இன்றி, அடுப்படியிலும் கடைக்கணக்கிலும் நடந்து முடிந்த வரலாறு அது. எனினும் 1960களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தோட்டப்புறக் குடும்பங்களின் வருவாயையும் மான உணர்ச்சியையும் ஒருங்கே அசைத்துப் பார்த்த நிலை அதுவேயாகும்.

தண்டச்சோறு என்பது தமிழில் நெடுநாள் பழகிய சொல். ஆயினும் தோட்டத்தில் அச்சொல்லுக்கு உரிய ஆள் தோன்றியது மிகவும் பிற்பட்ட காலத்தில்தான். அதற்கு முன்னர் வேலையற்ற இளைஞன் என ஒருவன் தோட்டத்தில் இருக்க இயலாது. வேலை இருந்தால்தான் தோட்டத்தில் வீடு; வேலை இல்லையேல் தோட்டமே இல்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டுமெனப் பணித்தது. அதன் பயனாய்த் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. ஆனால் அப்பள்ளிகளில் நான்காம் வகுப்போ ஆறாம் வகுப்போ முடித்த பிள்ளை எங்கே போவது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. பிள்ளை பெற்றோருக்குப் பின்னால் நிரைக்குப் போனான். மங்கு துடைத்தான், கோட்டுப்பால் உரித்தான், புல் வெட்டினான். சில ஆண்டுகளில் அவன் பெயரும் பெரட்டில் அழைக்கப்பட்டது. பன்னிரண்டு வயதில் படிப்பு முடிந்தது. பன்னிரண்டு வயதிலேயே வேலையும் தொடங்கிற்று. இரண்டுக்கும் இடையே வெற்று நாள் ஒன்றேனும் கிடையாது.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோதும் இந்த ஒழுங்கு குலையவில்லை. 1932ஆம் ஆண்டில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை பத்துக் காசுக்கும் கீழே இறங்கியது. கூலி குறைக்கப்பட்டது, தோட்டங்கள் ஆட்களை நிறுத்தின. நிறுத்தப்பட்டோரை வீட்டில் வைத்துக் காக்கும் சுமை குடும்பத்திற்கு நேரவில்லை. ஏனெனில் குடும்பமே கப்பலேற்றப்பட்டது. 1930 முதல் 1933 வரை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட தமிழர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலையின்மை என்னும் நோய்க்கு அக்கால அரசு கண்ட மருந்து நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் செல்லும் கப்பல்தான். அம்மருந்தைக் கருணை என்று சொல்ல எவரும் துணியார். எனினும் பிற்காலத்து நிலையை விளங்கிக்கொள்ள அதனை நினைவில் வைத்தல் வேண்டும். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. போருக்குப் பிறகு மலாயாவில் பிறந்து வளர்ந்த தலைமுறை ஒன்று தோட்டங்களை நிறைத்தது. அவர்களுக்குத் திரும்பிப் போக ஊரும் இல்லை. ஏற்றிச் செல்லக் கப்பலும் இல்லை.

நாடு 1957ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தது. 1960ஆம் ஆண்டின் ரஹ்மான் தாலிப் அறிக்கையும், அதனைத் தொடர்ந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அம்முறையை உறுதிப்படுத்தின. ஆயினும் தோட்டத்து வீட்டின் அன்றாட வாழ்வை மாற்றியது இவற்றினும் 1965ஆம் ஆண்டே ஆகும். அதுவரை ஆறாம் வகுப்பின் முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தேறாத பெரும்பான்மையோரின் கல்வி அத்துடன் முடிந்தது. அத்தேர்வு நீக்கப்பட்டு, 1965ஆம் ஆண்டு முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை பயிலலாம் என்றாயிற்று. தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்றோர் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்து, பின்னர் முதற்படிவம் ஏறினர். 1966ஆம் ஆண்டில் சிறுவர், இளைஞர் வேலைச் சட்டம் வந்து, சிறு பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைக் கட்டுப்படுத்தியது. ஆக, முன்னர் பன்னிரண்டில் உளி பிடித்த கை இப்போது பதினாறிலும் பதினெட்டிலும் எழுதுகோலைப் பிடித்திருந்தது.

இந்த மாற்றத்தின் பொருளைத் தோட்டத்துப் பெற்றோர் கல்வி அதிகாரிகளுக்கு முன்பே உணர்ந்தனர் எனலாம். முன்னர்ப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வருவாய். இனி அப்பிள்ளை ஆறேழு ஆண்டுகளுக்குச் செலவு. வெள்ளைச் சட்டை, காலணி, பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று மாதந்தோறும் பணம் வேண்டியிருந்தது. இருந்தும் பெரும்பாலோர் பிள்ளைகளை அனுப்பினர். தாம் பட்ட பாடு தம் மக்கள் படலாகாது என்பதே காரணம். கித்தா மரத்தடிக்கு வராமல் பிள்ளை கிராணி ஆக வேண்டும், இல்லையேல் ஆசிரியர் ஆக வேண்டும். தோட்டத்தில் அவர்கள் கண்ட படித்த தமிழர் அந்த இரு வகையினரே. ஆகவே அவர்தம் கனவும் அந்த இரண்டு நாற்காலிகளையே சுற்றி வந்தது. அந்நாற்காலிகள் மிகச் சில என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை கூறுதல் தகாது. நாட்டின் திட்டங்களை வகுத்தோரும் அதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பள்ளி நீண்ட அதே ஆண்டுகளில் வேலை சுருங்கியது. விடுதலையை ஒட்டிய காலத்தில் ஐரோப்பியர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். இத்தோட்டத் துண்டாடலைப் பற்றி உங்கு அப்துல் அசீஸ் நடத்திய ஆய்வு 1960களின் தொடக்கத்தில் வெளிவந்தது. துண்டாடலை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆயினர். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அப்பணி பெரும்பணி; அதில் ஐயமில்லை. எனினும் மரம் சீவுவோரின் வேலையைக் காப்பதே அதன் நோக்கமாக இருந்தது. மரம் சீவ விரும்பாமல் படித்து வந்த பிள்ளைக்கு அதில் பெரிதாக இடம் இருக்கவில்லை. பின்னர் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டனர். செம்பனைக்கு ஆட்கள் குறைவாகவே தேவைப்பட்டனர்.

1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலைப் பெர்மிட் பெற்றாக வேண்டும் என்றது. 1969க்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தோர் கலங்கினர். பல்லாயிரவர் இந்தியாவிற்குப் புறப்பட்டனர். ஒரே வீட்டில் தந்தைக்குச் சிவப்புக் கார்டும் மகனுக்கு நீலக் கார்டுமாக இருந்த நிலை அரிதன்று. படித்த மகனுக்கு வேலை இல்லை. வேலையிலுள்ள தந்தைக்கு அது நிலைக்குமா என்று தெரியவில்லை. 1971ஆம் ஆண்டில் புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கியது. அதன் பிறகு அரசாங்கப் பணிகளில் இந்தியரின் பங்கு படிப்படியாகச் சுருங்கியது. தந்தையர் இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் பணியாற்றிய செந்தூல் போன்ற இடங்களிலுங்கூட அவ்வேலை மகனுக்குத் தானாக வரவில்லை.

மொழியும் ஒரு தடையாயிற்று. 1970ஆம் ஆண்டு முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. 1980களின் தொடக்கத்தில் அம்மாற்றம் இடைநிலைப்பள்ளி முழுவதையும் எட்டியது. எம்.சி.இ. தேர்வில் பிற பாடங்களில் தேறினாலும் மலாய் மொழியில் தவறியோர்க்குச் சான்றிதழ் கைக்கு வரவில்லை. தமிழில் ஆறாண்டு பயின்று, புகுமுக வகுப்பில் ஓராண்டில் மொழி மாறிய தோட்டத்துப் பிள்ளைக்கு இது எத்தகைய மேடு என்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அப்பிள்ளை வீட்டில் இருந்த நாள்களை இனி நோக்கலாம். விடிவதற்கு முன்பே பெற்றோர் பெரட்டுக்குச் சென்றுவிடுவர். லயத்தில் எஞ்சியிருப்போர் முதியோர், குழந்தைகள், பிறகு அவன். பகலில் எவர் கண்ணிலும் படாமலிருக்க அவன் முயல்வான். தோட்டத்தில் அது நடவாத செயல். வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் ஆங்கில, மலாய் நாளேடுகளில் வந்தன. தோட்டத்திற்கு வந்ததோ தமிழ் நேசன், தமிழ் முரசு, தமிழ் மலர் ஆகியவை. எனவே விளம்பரம் பார்க்கவே பட்டணத்திற்குப் போக வேண்டும். சான்றிதழின் நகலை எடுத்து, அது உண்மை நகல் என்று ஒப்பம் பெற வேண்டும். அதற்குத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் வீட்டு வாசலில் நின்ற இளைஞர் எத்தனையோ பேர். ஒரே நகலுக்கு ஒரே ஆண்டில் பத்து முறை ஒப்பம் கேட்டு வருவதற்கு அவர்கள் கூசினர் என்பது அக்கால ஆசிரியர் பலரும் அறிந்த செய்தி.

முத்திரைத் தலை, உறை, நகல், பேருந்து, நேர்காணலுக்கு ஒரு நல்ல காற்சட்டை என ஒவ்வொன்றும் சிறு செலவுதான். ஆனால் நாட்கூலிக் குடும்பத்தில் அவை சேர்ந்தால் பெருந்தொகை. பட்டணத்தில் பிட்மன் தட்டெழுத்து வகுப்புக்கோ கணக்கியல் வகுப்புக்கோ சேர்ந்தால் மாதக் கட்டணம் வேறு. இப்பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தாயிடமிருந்து. அவள் பிடித்த கூட்டுப் பணம், வளர்த்த கோழி, ஆடு, மாடு, லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளி, இவையே அந்த நிதியின் ஊற்றுகள். தோட்டத்துக் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறியது. தீபாவளிக்கு மீட்ட சங்கிலி பொங்கலுக்குள் மீண்டும் அடகுக் கடைக்குச் சென்றது. தந்தை பெரும்பாலும் பேசவில்லை. ‘சும்மாதான் இருக்கிறான்’ என்ற சொல்லைப் பிறரிடம் சொல்ல நேர்ந்தபோது மட்டும் அவர் தலை தாழ்ந்தது. தாய் அதே கேள்விக்கு ‘எழுதிப் போட்டிருக்கிறான்’ என்று விடை கூறினாள். இரண்டு விடைகளும் உண்மையே.

விண்ணப்பத்திற்கு வரும் பதில் மலாய் மொழியில் இருந்தது. கிடைக்கவில்லை என்னும் செய்தி ‘டுக்காசித்தா’ என்ற சொல்லோடு தொடங்குவது வழக்கம். துக்கம், சித்தம் என்னும் வடசொற்கள் மலாயில் சேர்ந்து பிறந்த சொல் அது. மலாய் எழுத்து அறியாத தாய்மாரும் முதற்சொல்லைப் படிக்கக் கேட்ட அளவிலேயே பொருள் உணர்ந்துகொள்வதற்கு அந்த உறவு போதுமானதாயிருந்தது.

வீட்டில் இருந்தவன் உண்மையில் வாளாவிருந்தான் என்று கொள்வதும் பிழை. தாய்க்கு உடல்நலமில்லாத நாளில் அவன் நிரைக்குப் போனான். தந்தையின் மரங்களில் பாதியை அவன் சீவினான். காண்டா வாளி சுமந்து பாலை ஸ்டோருக்குக் கொண்டு சேர்த்தான். எடை கூடியது; கூலியும் சற்றுக் கூடியது. ஆனால் அது தந்தையின் பெயரிலேயே எழுதப்பட்டது. செக்ரோலில் அவன் பெயர் இல்லை. ஊழியர் சேமநிதியில் அவனுக்குக் கணக்கு இல்லை. அரசின் கணக்கில் அவன் வேலையற்றவன். வீட்டின் கணக்கில் அரை ஆள். படித்த பிள்ளையின் உழைப்பு இவ்வாறு எந்த ஏட்டிலும் ஏறாமல் தோட்டத்திற்கு இலவசமாய்ச் சென்று சேர்ந்தது. தோட்ட நிருவாகங்கள் இதனை அறியாதிருந்தன என்று நம்புதற்கில்லை.

இவ்வளவும் தந்தையின் ஐம்பத்தைந்தாம் வயது வரைதான். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதி 55 வயதில் திரும்பக் கிடைத்தது. அந்த வயதை ஒட்டியே ஓய்வும் வந்தது. ஓய்வு வந்தால் லயத்து வீட்டை விட வேண்டும். 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வீடு எத்தகையதாய் இருக்க வேண்டும் என்பதை வகுத்ததேயன்றி, அவ்வீடு தொழிலாளிக்குச் சொந்தம் என்று கூறவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்க ஒரே வழி, வீட்டிலிருந்து எவரேனும் தோட்டத்தில் பெயர் கொடுத்தல். மரத்தடிக்குப் போகக்கூடாது என்பதற்காகவே படிக்கவைக்கப்பட்ட பிள்ளை, பெற்றோரின் கூரையைக் காப்பதற்காக மரத்தடிக்குப் போன நிகழ்ச்சி தோட்டந்தோறும் உண்டு. அதுவரை பெற்றோர் பிள்ளையைத் தாங்கினர். அன்று முதல் பிள்ளை வீட்டைத் தாங்கினான். ஐந்தாம் படிவம் முடித்தவன் பெரட்டில் நின்றபோது மண்டோர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கச் சற்றுத் தயங்கினார் என்று முதியோர் கூறுவதுண்டு. சேமநிதிப் பணத்தைக் கொண்டு பட்டணத்து ஓரத்தில் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டு வெளியேறிய குடும்பங்களும் பலவாகும்.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. 1971ஆம் ஆண்டின் தடையற்ற வாணிப மண்டலச் சட்டத்தின் பின், 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. சிலாங்கூரின் சுங்கைவேயிலும் அவ்வாறே. அவை இளம்பெண்களையே மிகுதியும் எடுத்தன. தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்து வாயில் வரை வந்தன. மூன்றாம் படிவத்தோடு நின்ற தங்கையின் சம்பளத்தில், ஆறாம் படிவம் முடித்த அண்ணன் விண்ணப்பம் எழுதினான். தங்கையின் திருமணம் தள்ளிப்போன வீடுகளும் இருந்தன. அதைப் பற்றி எவரும் மிகுதியாகப் பேசவில்லை. ஜொகூர்த் தோட்டங்களின் இளைஞர்க்கு மட்டும் பாலத்திற்கு அப்பால் ஒரு வழி இருந்தது. சிங்கப்பூரின் கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் 1970களில் ஆள் தேடின. அங்கே சான்றிதழைவிட உடல்வலியே பெரிதாகக் கேட்கப்பட்டது.

தமிழ்ப்பள்ளியும் ஒரு புகலிடமாய் இருந்தது. தற்காலிக ஆசிரியர் பணி கிடைத்த இளைஞன் தப்பினான். ஆயின் ஆசிரியர்ப் பயிற்சிக்கான தகுதி படிப்படியாக உயர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட, பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கையும் குறைந்தது. பத்துத் தற்காலிக ஆசிரியர்க்கு ஒரு நிரந்தர இடம் என்ற அளவில் பலர் ஆண்டுகளைக் கழித்தனர்.

இதே காலத்தில் இலங்கையில் படித்த இளைஞரின் வேலையின்மை 1971 ஏப்ரலில் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. அக்கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் அதே நோய் மலேசியத் தோட்டங்களில் ஓசையின்றி உள்ளடங்கியதற்கு, வீடு அதனை விழுங்கிக்கொண்டமையே பெருங்காரணமாகும்.

சமுதாயம் அறவே கண்மூடியிருந்தது என்று கூற இயலாது. வீ. மாணிக்கவாசகத்தின் தலைமையில் ம.இ.கா. 1974ஆம் ஆண்டில் பொருளாதாரத் திட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. 1979இல் கல்வி நல ஆய்வு அறவாரியமும், 1982இல் டாக்டர் மு. தம்பிராஜாவின் முயற்சியால் ஸ்ரீ முருகன் நிலையமும் தோன்றின. இவற்றுள் பின்னிரண்டும் மாணவரைத் தேர்வில் தேற வைத்தன. பல்கலைக்கழக வாயில் வரை இட்டுச் சென்றன. தேர்வுக்குப் பிந்திய ஆண்டுகளை, அதாவது பிள்ளை வீட்டில் காத்திருக்கும் ஆண்டுகளைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்ட அமைப்பு அக்காலத்தில் மிக அரிது. தொழிற்கல்வியைத் தோட்டத்துப் பெற்றோர் தாழ்வாக எண்ணியதும் இதற்கு ஒரு காரணம். எண்ணெய்க் கறை படிந்த கை என்றால், பால் நாறும் கையிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்விக்கு அன்று தக்க விடை கூறியவர் இல்லை.

1980களின் நடுவில் இச்சுமை பட்டதாரிகளின் வீடுகளுக்கும் வந்தது. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காமல் சென்னைக்கும் பிற இந்திய நகரங்களுக்கும் சென்று பயின்று திரும்பியோர் பலர். அவருள் சிலரின் பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. நகை, ஆடு மாடு, சேமநிதி அனைத்தையும் கரைத்து அனுப்பிய குடும்பத்திற்கு அது பேரிடி. 1985ஆம் ஆண்டில் நாட்டின் பொருளாதாரம் வளராமல் சுருங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வேலையின்மை ஏழு, எட்டு விழுக்காட்டை எட்டியது. உள்நாட்டுக் கலைப் பட்டதாரிகளும் அப்போது வீட்டில் இருந்தனர். நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் இதனைக் கண்டு திகைத்தன, ஏடுகள் எழுதின, அமைச்சர்கள் பேசினர். தோட்டத்து வீடு அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்நிலையை அறிந்திருந்தது.

1980களின் இறுதியில் தொழிற்சாலைகள் பெருகின. 1990களில் நாடு ஆள் பற்றாக்குறையைப் பேசியது. வீட்டில் இருந்தோர் லாரி ஓட்டினர், காவலர் ஆயினர், கிடங்குகளில் கணக்கெழுதினர். முப்பதைக் கடந்த பிறகே பலர் முதற்சம்பளத்தைக் கண்டனர். அதே ஆண்டுகளில் சிலாங்கூரிலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின, லயங்கள் இடிக்கப்பட்டன. வீட்டைக் காலி செய்தோர் தகரப் பெட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அதனுள் எம்.சி.இ. சான்றிதழ் ஒன்றும், தலைமையாசிரியரின் ஒப்பமிட்ட நகல்கள் நான்கைந்தும், ‘டுக்காசித்தா’ என்று தொடங்கும் கடிதங்கள் சிலவும் இருந்தன. பெரும்பாலான வீடுகளில் அந்த உறையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவள் எழுதப் படிக்கத் தெரியாத தாயே.